கடந்து போகும் நஞ்சு: தொப்பூர்க் கணவாயை முன்வைத்து ரசாயன லாரி விபத்துகள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் களம்

தருமபுரி மாவட்டத்தில் பெரிய ரசாயன ஆலைகள் குறைவு. ஆனால் ரசாயனம் அந்த மாவட்டத்தைக் கடக்காத நாள் இல்லை. மேட்டூரில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தியாகின்றன. ஒசூர், பெங்களூரு தொழிற்பேட்டைகளுக்கு ஆசிட் வேண்டும். பவானியிலிருந்து மேட்டூர் வழியாக வரும் மாநில நெடுஞ்சாலை தொப்பூரில் முடிந்து, சேலம்–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேருகிறது. சிவாடிப் பக்கம் வந்து சேரும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் விஜயவாடா–தருமபுரி குழாய்ப் பாதைத் திட்டத்தையும் கணக்கில் கொண்டால், இந்தச் சாலையில் டேங்கர் லாரிகள் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: நமது ரசாயனப் பேரிடர் ஏற்பாடுகள் ஆலையின் மதில்சுவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரசாயனத்தைச் செய்யாமல், அது போக வழிமட்டும் கொடுக்கிற மாவட்டம் அந்த ஏற்பாடுகளில் யாருடைய பொறுப்பிலும் வராமல் நிற்கிறது. அங்கே விபத்து நடந்தால் முதல் கால்மணி நேரம் டீக்கடைக்காரர், பின்னால் வந்த லாரி டிரைவர், ஆடு மேய்ப்பவர், சுங்கச்சாவடி ஊழியர் ஆகியோரின் கையில் இருக்கும். அவர்கள் என்ன செய்ய முடியும், எதைச் செய்யவே கூடாது என்பதிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்க வேண்டும்.

2. கணவாயின் இயல்பு

பாளையம்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டித் தெற்கே இறங்கும் சாலை, வளைவும் சரிவுமாக இரட்டைப்பாலத்தைக் கடந்து தொப்பூர் வருகிறது. சுமையோடு இறங்கும் லாரியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடி போய்விடும். வேகம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். அது சூடேறிச் சூடேறிக் கடைசியில் பிடிக்காது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று, நின்றிருந்த வாகனங்கள்மீது பாய்ந்ததில் நான்கு பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப்பாலம் அருகே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து மறுபடியும் நான்கு உயிர்கள் போயின. இந்தச் சரிவைத் தவிர்க்க உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் அதன் பிறகு வேகம் பிடித்தது.

இந்த விபத்துகளை நான் எடுத்துக்காட்டுவது, அந்த லாரிகளில் ஏற்றப்பட்டிருந்தது திரவ ரசாயனம் இல்லை என்பதற்காகத்தான். சிமெண்ட் மூட்டை வளைவில் அசையாது. பாதி நிரம்பிய தொட்டியில் ஆசிட் அசையும். வளைவில் வெளிப்பக்கம் ஏறி லாரியைக் கவிழ்க்கப் பார்க்கும். கவிழ்ந்தால் சிந்தியது கவிழ்ந்த இடத்திலேயே தங்காது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. பள்ளம் தேடி இறங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வெண்புகையும் ஈரக் காற்றில் தரையை ஒட்டியே நகரும். மலைப்பாங்கான இடங்களில் இரவில் குளிர்ந்த காற்று சரிவின் கீழ்நோக்கி வழியும். ஆக, நள்ளிரவு விபத்தில் புகை போகும் திசையும் ஊர் இருக்கும் திசையும் ஒன்றாகிவிடக்கூடும். ஓடையில் இறங்கிய திரவம் தொப்பையாற்றுக்குப் போகும்; தொப்பையாறு மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் சேருகிறது. சாலையில் சிந்திய ஒரு டேங்கர் ஆசிட், பாசனத்தையும் குடிநீரையும் தொடுகிற விஷயமாக மாற அதிக நேரம் ஆகாது.

3. பலகையைப் படித்தல்

கவிழ்ந்த லாரியைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருகிற முதல் கேள்வி, "உள்ளே ஆள் இருக்கா?" என்பது. ரசாயன லாரியில் அதற்கு முன் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே என்ன சரக்கு?

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 134-ஆம் விதி, ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியில் அவசரத் தகவல் பலகை வைக்கச் சொல்கிறது. சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், ஐ.நா. வகைப்பாட்டு எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில், ஆபத்தின் வகையைக் காட்டும் சாய்சதுர அடையாளம் 250 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்களும் அதில் இடம்பெற வேண்டும்.

இங்கே ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமிலம் போன்ற திரவம் சிந்தியிருந்தால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், வாயுவோ என்னவென்று தெரியாத சரக்கோ என்றால் 100 மீட்டர் என்பது, வட அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் கையில் வைத்திருக்கும் அவசரநிலைக் கையேடு தரும் அளவு. பல நாடுகளும் அதையே பின்பற்றுகின்றன. கண் மருத்துவர் சொல்லும் 'ஆறுக்கு ஆறு' பார்வை உள்ளவரால் 50 மில்லிமீட்டர் எழுத்தை ஏறத்தாழ 34 மீட்டர்வரைதான் படிக்க முடியும். அதாவது, சட்டப்படி எழுதப்பட்ட பெயரைப் படிக்க விரும்புகிறவர் பாதுகாப்பான எல்லைக்குள் 16 மீட்டர் நுழைந்தாக வேண்டும்! 100 மில்லிமீட்டர் எண்ணோ 68 மீட்டரிலிருந்தே தெரியும். அதனால் பெயரைவிட எண்ணே முக்கியம். பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், நீளமாக இருக்கும், சேறு பூசியிருக்கும். எண் நான்கே இலக்கம். 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1830 கந்தக அமிலம், 2031 நைட்ரிக் அமிலம், 1824 காஸ்டிக் சோடாக் கரைசல், 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1075 சமையல் எரிவாயு. இந்த ஏழையும் நெடுஞ்சாலை ரோந்துக்காரர்களும் சுங்கச்சாவடி ஊழியர்களும் மனப்பாடம் செய்துகொள்வதில் சிரமம் ஒன்றும் இல்லை.

கைபேசி இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிட்டது. நூறு மீட்டர் தள்ளி நின்று படத்தைப் பெரிதாக்கி எடுத்து, 112-இலோ 101-இலோ எண்ணைச் சொன்னால் போதும். வீடியோ எடுப்பதற்காக அருகே போகும் அதே கருவியை, தள்ளி நிற்பதற்கும் பயன்படுத்தலாம்.

பல டேங்கர்களில் எண்ணுக்கு மேலே 'ஹாஸ்கெம்' குறியீடு ஒன்றும் காணப்படும். கந்தக அமிலத்துக்கு 2-பி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 2-ஆர், குளோரினுக்கு 2-எக்ஸ்-ஈ. முதல் இலக்கம் தீயணைப்பாளருக்கு: 2 என்றால் மெல்லிய நீர்த்தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் நீர் படாத உலர்பொருள். நடுவே உள்ள எழுத்து, எந்த உடை அணிவது, சிந்தியதை நீரால் கரைத்துவிடலாமா தடுத்து நிறுத்த வேண்டுமா என்று சொல்கிறது. கடைசியில் 'ஈ' வந்தால் சுற்றுவட்டார மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும் என்று பொருள். பொதுமக்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த 'ஈ' ஒன்றைத்தான்.

பலகையே தெரியாதபடி லாரி கவிழ்ந்து கிடந்தால் தொட்டியின் உருவம் கொஞ்சம் பேசும். அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். 20 டன் ஏற்ற 11 கிலோலிட்டர் தொட்டி போதும். அதே எடைப் பெட்ரோலுக்கு 27 கிலோலிட்டர் வேண்டும். பெரிய லாரியில் சின்னத் தொட்டி என்றால் அது பெரும்பாலும் ஆசிட். செம்பழுப்புப் புகை வந்தால் நைட்ரிக், மஞ்சள்பச்சை என்றால் குளோரின் என்று சந்தேகிக்கலாம். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சரக்கைப் பற்றிய முழு விவரமும் அடங்கிய அவசரகால அட்டை டிரைவரின் கேபினில் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் விபத்தன்று கேபின் புகைக்கு நடுவே கிடக்கும். சரக்கின் பெயர் தெரிந்த டிரைவரோ, கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து காட்டுக்குள் ஓடியிருப்பார். விபத்து நடந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் லாரி உரிமையாளருக்கும் உடனே தெரிவிக்க வேண்டியது டிரைவரின் கடமை என்கிறது 136-ஆம் விதி. அவர் அதைச் செய்ய வேண்டுமென்றால், முதலில் அவர்மேல் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். டிரைவரை அடிக்கும் ஊர், சரக்கின் பெயரைத் தானே துரத்திவிடுகிறது.

4. முதல் கால்மணி நேரம்

மேட்டுப்பக்கம், காற்று வரும் பக்கம்: நிற்கவேண்டிய இடம் இதுதான். மரக்கிளை அசைவையோ ஒரு பிடி மண்ணைத் தூவியோ காற்றின் திசையைப் பார்த்துக்கொள்ளலாம். மேடும் காற்றும் ஒத்துவராத இடத்தில், விலகிப் போவதே மேல்.

அடுத்தது போக்குவரத்து. 2020-இல் உயிர்கள் போனது நின்றிருந்த வாகன வரிசையில் என்பதை மறக்கக் கூடாது. கணவாயில் விபத்துக்குப் பின்னால் சேரும் வரிசை, அடுத்த விபத்துக்கான இடம். ஆகவே வாகனங்களைச் சரிவில் நிறுத்தக் கூடாது. சரிவு தொடங்குமுன், பாளையம்புதூர் சுங்கச்சாவடியிலேயே நிறுத்த வேண்டும். சேலத்துப் பக்கமிருந்து வருவனவற்றைத் தொப்பூருக்கு முன்பே தடுத்து, நீண்ட நேரம் ஆகுமென்றால் மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர் பக்கம் திருப்பலாம். இதை முடிவு செய்ய உயரதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. சுங்கச்சாவடியின் பணிமேற்பார்வையாளரே ஒரு தொலைபேசி அழைப்பில் செய்யும்படி முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் கொடுத்து வைக்க வேண்டும்.

இனிக் கடினமான பகுதி. கேபினில் ஆள் சிக்கிக்கொண்டு கத்துகிறார். நம் ஊர்க்காரர்கள் யோசிக்க மாட்டார்கள், குதித்து இறங்குவார்கள். அந்தக் குணம்தான் நெடுஞ்சாலையோரம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குளோரின் மேகத்துக்குள் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நுழைகிறவர், மீட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இன்னொருவராகச் சேர்வார். ஈரத்துணி தூசியைத் தடுக்கும். அடர்ந்த நச்சு வாயுவை நிறுத்தாது. தனிக்காற்று உருளை மாட்டிய தீயணைப்பு வீரர் தவிர வேறு யாரும் புகைக்குள் போகக் கூடாது என்பதில் விலக்கு கிடையாது. காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது, புகை இல்லை, சிந்திய திரவம் கேபின் பக்கம் வரவில்லை, சரக்கு என்னவென்றும் தெரியும் என்ற நான்கும் ஒருசேர அமைந்தால் மட்டுமே, மற்றவர்கள் கேபினை நெருங்கலாமா என்ற விவாதத்துக்கு இடம் உண்டு.

குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவோரையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் பிடிக்கக் கூடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். ஆசிட் டேங்கரிலும் தீ ஆபத்து உண்டு: அமிலம் இரும்பை அரித்தால் ஹைட்ரஜன் வரும். அருகில் பீடி பற்றவைக்க ஒருவர் போதும்.

ஊரைக் காலிசெய்வதா, கதவைச் சாத்தி உள்ளேயே இருப்பதா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. 1976 மே 11 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் மேம்பாலத்திலிருந்து அம்மோனியா டேங்கர் விழுந்தபோது, கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் வெளியில் இருந்தவர்களைவிட நல்லபடியாகத் தப்பினார்கள். மேகம் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டால் சன்னல்களை அடைத்து, விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி உள்ளே இருப்பது நல்லது. நேரம் இருந்தால் காற்றுக்குக் குறுக்காக, மேட்டை நோக்கி நடந்து போவது நல்லது. ஓட்டைக் கூரை வீட்டில் முதல் வழி அதிகம் உதவாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து மக்களை ஏற்றிச்செல்ல வண்டியை முதலில் அனுப்ப வேண்டும்.

5. தண்ணீரும் சுண்ணாம்பும்

ஆசிட் என்றாலே தண்ணீர் ஊற்று என்பது பாதி உண்மை. அடர் கந்தக அமிலம் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். இன்னொன்றும் உண்டு: 98 சதவீத அமிலம் சாதாரண இரும்புத் தொட்டியை அதிகம் தொடாது; தண்ணீர் கலந்து நீர்த்துப் போனால் அதே இரும்பை அரிக்கத் தொடங்கும். உடைந்த தொட்டிக்குள் குழாயைத் திருப்புகிறவர் சிறு கசிவைப் பெரிய ஓட்டையாக்குகிறார். புகையை அமுக்க மெல்லிய தூவலாகத் தண்ணீர் அடிக்கலாம். அந்தத் தண்ணீரும் அமிலமாகி ஓடும் என்பதால், முதலில் ஓடைப்பக்கம் மண்கரை போட்டிருக்க வேண்டும். பொக்லைன் வைத்திருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கீழே, பாதுகாப்பான தூரத்தில், சிறுபாலத்தின் வாயை மண்ணால் அடைப்பதுதான் ஒரு பொக்லைன் டிரைவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

உலர்ந்த மணலும் மண்ணும் இங்கே சொன்ன மூன்று அமிலங்களுக்கும் பொருந்தும். மரத்தூளும் தென்னை நார்க்கழிவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று கொட்டிவிடக் கூடாது. நைட்ரிக் அமிலம் அவற்றைப் பற்றவைத்துவிடும்.

பிறகு சுண்ணாம்பு. நான்கு மூட்டை தூவிப் படம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 டன் என்றால் அதில் 6 டன் தூய அமிலம் இருக்கிறது. முழுவதையும் சமன்செய்ய 6.1 டன் நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். 50 கிலோ மூட்டையில் 122. கந்தக அமிலம் 98 சதவீதம், அதே 20 டன் என்றால் கிட்டத்தட்ட 15 டன், அதாவது 300 மூட்டை. நள்ளிரவில், கணவாய்க்கு அருகிலுள்ள நல்லம்பள்ளியில் இதை எங்கே வாங்குவது? சமன்செய்யும்போது எழும் வெப்பமும் சிறிதல்ல. ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பு உடையோடுதான் தூவ வேண்டும். காஸ்டிக் சோடா சிந்தினால் ஆசிட் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை முதலில் அங்கிருந்து அனுப்பிவிடுவது நல்லது.

6. உடம்பு

டேங்கருக்குள் தண்ணீர் கூடாது; உடம்பில் பட்டால் தண்ணீர்தான் மருந்து. நனைந்த உடையைக் கழற்றினாலே ஒட்டியிருக்கும் ரசாயனத்தில் பெரும்பகுதி போய்விடும். தலைவழியாக இழுக்காமல் வெட்டி எடுக்க வேண்டும். கண்ணை இமை விரித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா என்றால் அதைவிட நீண்ட நேரம், ஏனென்றால் அது வலி தெரியாமலே ஆழமாக இறங்கும். எலுமிச்சையோ சோடா உப்போ பற்பசையோ தடவக் கூடாது.

கழுவாமல் 108 வண்டியில் ஏற்றினால், மூடிய வண்டிக்குள் ஓட்டுநரும் உதவியாளரும் அதே ஆவியை முகர்வார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு நோயாளி வருமுன் சரக்கின் எண் போய்ச் சேர வேண்டும். குளோரினையோ நைட்ரிக் புகையையோ சுவாசித்தவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுந்து நடப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். அப்படிப்பட்டவரை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

7. சட்டமும் நிர்வாகமும்

1996-ஆம் ஆண்டு ரசாயன விபத்துகள் விதிகள் மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் என நான்கு அடுக்கு நெருக்கடிக் குழுக்களை அமைத்தன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். 45 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும். பெருவிபத்து என்பதன் வரையறைக்குள் போக்குவரத்தும் வருகிறது. ஆனால் உள்ளூர்க் குழு அமைவது தொழிற்பேட்டைக்கு. திட்டம் எழுதுவதும் ஒத்திகை பார்ப்பதும் ஆலையைச் சுற்றியே நடக்கிறது. கணவாய்க்கு உள்ளூர்க் குழு கிடையாது.

2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு டேங்கர் கவிழ்ந்தபோது சுற்றுப்புறம் மூடப்பட்டது, பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, இடைவிடாமல் நீர் தூவப்பட்டது, நிபுணர்கள் வந்தபின் கிரேன்கள் டேங்கரைத் தூக்கின. உயிரிழப்பு இல்லை. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் அது மாநகரின் நடுவே நடந்தது. தொப்பூருக்கோ, சிறப்புப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து வர வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். கணவாயை ஒரு தொழிற்பேட்டையாகக் கருதி, மேட்டூர் ஆலைகளையும் சுங்கச்சாவடி நிறுவனத்தையும் உறுப்பினராக்கி உள்ளூர் நெருக்கடிக் குழு அமைக்க வேண்டும். சேலம் மாவட்டமும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லை அங்கேதான் இருக்கிறது. புகைக்கு எல்லை தெரியாது. இரண்டாவது, சுங்கச்சாவடி வளாகத்தில் 15 டன் சுண்ணாம்பு, உலர் மணல், தனிக்காற்று உருளைகள், கண் கழுவும் தண்ணீர்த் தொட்டி ஆகியவை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, செலவே இல்லாதது. சரக்கு லாரிகளுக்கான இ-வே பில்லில் வண்டி எண்ணும் சரக்கின் வரிக் குறியீடும் ஏற்கெனவே பதிவாகின்றன: 2806 ஹைட்ரோகுளோரிக் அமிலம், 2807 கந்தக அமிலம், 2808 நைட்ரிக் அமிலம், 2815 காஸ்டிக் சோடா. நம்பர் பிளேட்டைப் படித்துச் சொன்னால், சரக்கு என்னவென்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய தகவல் அரசிடமே இருக்கிறது. வரி ஏய்ப்பைப் பிடிக்கத் திறக்கும் அந்தப் பதிவேட்டைத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் திறந்துவிட வேண்டும். இதில் ஓர் ஓட்டை உண்டு: ஆசிட் மலிவான சரக்கு, குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே போனால் இ-வே பில்லே தேவையில்லை. ஆபத்தான சரக்குக்கு அந்த விலக்கை நீக்குவது ஒரு அறிவிப்பாணையில் முடிகிற காரியம்.

8. நிவாரணம்

வயல் கருகினாலோ கிணறு கெட்டாலோ உடம்பு பாதிக்கப்பட்டாலோ யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே நிவாரணம் கேட்க, 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வழி செய்கிறது. அந்தச் சட்டத்தில் 'கையாளுதல்' என்பதற்குள் வாகனத்தில் கொண்டுசெல்வதும் அடங்கும். விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்து ஐந்து ஆண்டுக்குள் கொடுத்தால் ஏற்பார்கள். அதற்கு மேல் ஏற்க மாட்டார்கள்.